ஒரே சீட், ரெண்டு சம்பளம்: பேரோல் பக்கம் உக்காந்து பாத்தது

ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் சம்பளத்துல ஏன் வித்தியாசம்னு பேச்சு எடுத்தா ரெண்டே பதில்தான் வரும். ஒண்ணு, "கம்பெனிக்காரன் வேணும்னே பொண்ணுங்களுக்கு கம்மியா குடுக்கறான்". இன்னொண்ணு, "அதெல்லாம் இல்லப்பா, பொண்ணுங்களே நைட் ஷிஃப்ட் வேணாம்ங்கறாங்க, வெளியூர் வேணாம்ங்கறாங்க, லீவ்ல போறாங்க, அதனால கம்மி, இதுல பாகுபாடு எங்க இருக்கு". நான் சென்னையில பல வருஷமா எச்ஆர்ல, அதுலயும் சம்பளம் பாக்கற பக்கத்துலயே வேலை பாக்கறேன். முதல்ல அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு பேக்டரி, அப்புறம் ஓஎம்ஆர்ல ஐடி கம்பெனிங்க. நான் பாத்ததுக்கு இந்த ரெண்டு பதிலும் பொருந்தல. எந்த எக்செல் ஷீட்லயும் "பெண், அதனால 15 பர்சென்ட் கம்மி"னு யாரும் போட்டு நான் பாக்கல. ஆனா நாலஞ்சு இடத்துல, பாக்கறதுக்கு நியாயமா தெரியற மாதிரியே, கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுக்கிட்டே வரும். அந்த ஒவ்வொரு இடத்துலயும் பேனா புடிச்சு முடிவு எடுக்கறது ஒரு மனுஷன்தான், தானா நடக்கறது எதுவும் இல்ல. அதனால அது பாகுபாடுதான்னு நான் நம்பறேன், தேட வேண்டிய இடம் மட்டும்தான் வேற. அந்த இடங்கள் எதுனு தெரிஞ்சா அங்க நின்னு கேள்வி கேக்கலாம், அதுக்காகத்தான் எழுதறேன்.

முதல் இடம், வேலையில சேர்ற நேரம். இதை விலாவாரியா சொல்றேன் ஏன்னா பாதி சேதாரம் இங்கயே ஆயிடுது.

ஒரு தடவை டெஸ்டிங் டீமுக்கு ரெண்டு லீட் எடுத்தோம். ஒருத்தர் வேளச்சேரியில இருந்து வந்த பொண்ணு, குழந்தை பொறந்து கொஞ்ச காலம் வீட்ல இருந்துட்டு அப்புறம் ஒரு சின்ன கம்பெனியில கிடைச்ச சம்பளத்துக்கு சேர்ந்து வேலை பாத்துட்டு இருந்தாங்க. இன்னொருத்தர் பையன், கேப்பே இல்லாம ரெண்டு கம்பெனி மாறி வந்தவர். ஒரே பேனல், ஒரே கேள்வி, இன்டர்வியூ ஸ்கோர் கிட்டத்தட்ட ஒண்ணு, சொல்லப்போனா டெக்னிக்கல்ல அந்த பொண்ணுக்கு கொஞ்சம் ஜாஸ்தி. ரோலுக்கு பட்ஜெட் 14 லட்சம். அந்த பொண்ணோட அப்போதைய சிடிசி, அதாவது கம்பெனி ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு பண்ற மொத்த சம்பளச் செலவு, 7 லட்சம், பையனோடது 10. மேனேஜர் என்கிட்ட சொன்னது இதுதான், "30 பர்சென்ட் ஹைக் குடுத்தா ரெண்டு பேருமே சந்தோஷமா வந்துடுவாங்க மேடம்". அவங்களுக்கு 9.1, இவருக்கு 13. ரெண்டு பேருக்கும் அதே 30 பர்சென்ட், யாரை கேட்டாலும் ஒரே மாதிரிதானே நடத்தியிருக்கோம்னு சொல்லுவாங்க. ஆனா பக்கத்து பக்கத்து சீட்ல உக்காந்து அதே வேலை பாக்கற ரெண்டு பேருக்கு நடுவுல வருஷத்துக்கு 3.9 லட்சம் வித்தியாசம். முன்னாடி இருந்த கம்பெனி பண்ணதை நாங்க அப்படியே காப்பி பண்ணி 30 பர்சென்ட் பெருக்கியும் விட்டோம். ரோல் பட்ஜெட்டை வச்சு ரெண்டு பேருக்கும் ஆஃபர் போடலாம்னு நான் மெயில் போட்டேன், கொஞ்சம் ஏத்தி 11க்கு கொண்டு வந்தாங்க, அதுக்கு மேல நகரல.

இதுல இன்னொண்ணு கவனிங்க. சேர்ற அன்னிக்கு இருக்கற வித்தியாசம் அப்படியே நிக்காது. ஒருத்தருக்கு மாசம் 30,000, இன்னொருத்தருக்கு 34,000னு வைங்க, வருஷா வருஷம் ரெண்டு பேருக்கும் ஒரே 10 பர்சென்ட் ஹைக். பத்து வருஷம் கழிச்சு ஒருத்தர் 77,800 சொச்சம், இன்னொருத்தர் 88,100 சொச்சம். 4,000 ரூபாயா இருந்தது 10,000த்தை தாண்டிடுச்சு. நடுவுல எந்த மேனேஜரும் யாரையும் குறைச்சு மதிக்கல, எந்த வருஷமும் அநியாயம் நடக்கல, ஆனா முடிவு இது. பிஎஃப், கிராஜுவிட்டி எல்லாமே பேசிக் சம்பளத்து மேல போறதால ரிட்டயர் ஆகறப்போ கைக்கு வர்ற காசுலயும் இதே ஓட்டைதான்.

ஐரோப்பிய யூனியன்ல 2023ல சம்பள வெளிப்படைத்தன்மைக்குனு ஒரு உத்தரவு கொண்டு வந்திருக்காங்க, அதுல வேலைக்கு வர்றவங்க கிட்ட பழைய சம்பளம் என்னனு கேக்கவே கூடாது, இந்த வேலைக்கு என்ன ரேஞ்ச்னு கம்பெனிதான் முன்னாடியே சொல்லணும். நம்ம ஊர்ல மூணு மாச பேஸ்லிப் கேக்காத கம்பெனியே கிடையாது. அதனால மறைக்க முடியாது, பொய் சொல்லவும் கூடாது, பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷன்ல மாட்டிப்பீங்க. ஆனா பேச்சை ஆரம்பிக்கற விதத்தை மாத்தலாம். "கரண்ட் சிடிசி எவ்ளோ"னு கேட்டா நம்பரை சொல்லிட்டு அங்கயே நிறுத்தாதீங்க, அதே மூச்சுல "அது வேற ரோல் சார், இந்த பொசிஷனுக்கு உங்க பட்ஜெட் ரேஞ்ச் என்ன, அதுல என் எக்ஸ்பீரியன்ஸுக்கு எங்க வருவேன்"னு கேளுங்க. எச்ஆர் பக்கத்துல இருந்து சொல்றேன், இந்த கேள்வி கேட்டா யாரும் ஆஃபரை கேன்சல் பண்றதில்ல. எத்தனை பர்சென்ட் ஹைக் வேணும்னு பேசவே பேசாதீங்க, ரூபாயில பேசுங்க. கேப் எடுத்துட்டு திரும்பி வர்றவங்களுக்கு ரொம்ப கீழ ஆஃபர் வந்தா, வேலை அவசரம்னா சேருங்க, ஆனா ஆறு மாசத்துல ரிவ்யூ பண்ணி ரேஞ்சுக்கு கொண்டு வருவோம்னு ஒரு மெயில்ல வாங்கிட்டு சேருங்க. வாயில சொன்னது எதுவும் மேனேஜர் மாறினா நிக்காது.

அப்புறம் அந்த கேள்விங்க. "கல்யாணம் ஆயிடுச்சா?", "குழந்தையை யார் பாத்துப்பாங்க, மாமியார் கூட இருக்காங்களா?", "லேட் ஆனா வீட்ல ஒத்துப்பாங்களா?" இதையெல்லாம் பையனுங்க கிட்ட ஒரு பேனல் கேட்டு நான் கேட்டதே இல்ல, அவங்களுக்கும் குழந்தை இருக்கு. கேக்கறவங்க அக்கறையா கேக்கற மாதிரிதான் கேப்பாங்க, சில சமயம் கேக்கறதே ஒரு மேடமா இருப்பாங்க. பதில் எங்கயும் எழுத மாட்டாங்க, ஆனா ஆஃபர் போடற நேரத்துல "அவங்களுக்கு வீட்டு பக்கத்துலயே ஆஃபீஸ், வேற எங்க போவாங்க"ன்னு அந்த பதில் திரும்ப வரும். அதனால சுருக்கமா "வேலை நேரத்துக்கு எனக்கு எந்த பிரச்சினையும் இல்ல"ன்னு முடிச்சுடறது நல்லது, குடும்பக்கதையை அங்க சொல்லத் தேவையில்ல.

ரெண்டாவது இடம் மெட்டர்னிட்டி லீவ். 2017ல சட்டத்தை திருத்தி 12 வாரத்துல இருந்து 26 வாரமாக்கினாங்க, 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்கற இடத்துல குழந்தைகள் காப்பகம் வேணும், அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவை போய் குழந்தையை பாத்துட்டு வரலாம்னு எல்லாம் இருக்கு. நல்ல சட்டம், நான் அதை முழு மனசோட ஆதரிக்கறேன். ஆனா அதுல ஒரு கோளாறு இருக்கு, அந்த 26 வார சம்பளத்தை யார் குடுக்கறாங்கறது. மாசம் 21,000 வரைக்கும் வாங்கறவங்க ஈஎஸ்ஐங்கற தொழிலாளர் காப்பீட்டுல இருந்தா ஈஎஸ்ஐயே குடுத்துடும். அதுக்கு மேல வாங்கறவங்களுக்கு முழு பணமும் கம்பெனி கையில இருந்து போகணும். அதனால சின்ன கம்பெனிக்காரர் ஒருத்தர் கல்யாணம் ஆன 27 வயசு பொண்ணோட ரெஸ்யூமை எடுக்கறப்பவே மனசுக்குள்ள ஒரு செலவு கணக்கு போடறார். அம்பத்தூர்ல இருந்தப்போ இதை என் முன்னாடியே சொன்னாங்க, கூச்சமே இல்லாம. இந்த செலவை ஒரு பொது நிதியில இருந்து எல்லா கம்பெனியும் பங்கு போட்டு குடுக்கற மாதிரி, ஈஎஸ்ஐ மாதிரியே மேல வரைக்கும் நீட்டினா பொண்ணை வேலைக்கு எடுக்கறதால தனியா யாருக்கும் செலவு வராது. அதை செய்யாம கம்பெனிங்களை மட்டும் திட்டி பிரயோஜனம் இல்லனு நினைக்கறேன்.

லீவ் கிடைக்குது, சம்பளமும் வருது, அப்ப எங்க குறையுது? அப்ரைசல்ல, அதாவது வருஷா வருஷம் வேலையை மதிப்பிட்டு ரேட்டிங் போடறதுல. ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் மாடு மாதிரி வேலை பாத்துட்டு அக்டோபர்ல லீவ்ல போற பொண்ணுக்கு மார்ச்ல ரேட்டிங் போடறப்போ அவங்க ரூம்ல இல்ல. இத்தனை பேருக்குத்தான் மேல் ரேட்டிங்னு அளவு வைக்கற பெல் கர்வ்ல யாரையாவது கீழ தள்ளியே ஆகணும். "அவங்க லீவ்ல தானே இருந்தாங்க, 3 போட்டுடலாம், புரிஞ்சுப்பாங்க". சம்பளம் 60,000, ரேட்டிங் 3க்கு 6 பர்சென்ட், மேல இருக்கறவங்களுக்கு 11 பர்சென்ட்னா, ஒருத்தருக்கு 63,600, இன்னொருத்தருக்கு 66,600. மாசம் 3,000 ரூபாய், நான் மேல சொன்ன மாதிரி வருஷா வருஷம் வளரும். அதோட ப்ரமோஷனுக்கு தொடர்ந்து ரெண்டு வருஷம் நல்ல ரேட்டிங் வேணும்னு ரூல் இருந்தா அதுவும் தள்ளிப்போகும். ரெண்டு குழந்தைனா ரெண்டு தடவை.

எனக்கே இது நடந்துச்சு. ரெண்டாவது குழந்தைக்கு அப்புறம் திரும்பி வந்தப்போ ரேட்டிங் லெட்டர்ல 3. அந்த வருஷம் முதல் பாதியில பேரோல் சாஃப்ட்வேர் மாத்தற வேலையை முழுசா நான்தான் முடிச்சு குடுத்துட்டு போயிருந்தேன், ஒரு மாச சம்பளம் கூட லேட் ஆகல. மேலதிகாரி கிட்ட கேட்டேன். அவர் கெட்டவர் இல்ல, எனக்கு எத்தனையோ உதவி பண்ணவர், டீம்ல மேல ரேட்டிங் வாங்கின ஒரு பையனை வச்சு அவர் சொன்னது, "உங்களுக்கு என்னம்மா, வீட்டுக்காரரும் நல்லா சம்பாதிக்கறார். அந்த தம்பிக்கு தங்கச்சி கல்யாணம் வச்சிருக்காங்க, பாவம்". நான் சொன்னேன், "சார், தம்பிக்கு கடன் இருந்தா சேலரி அட்வான்ஸ் குடுங்க, நானே ப்ராசஸ் பண்றேன், ரேட்டிங் வேலைக்கு சார்". அவர் பதில் சொல்லல. நான் விடல, அந்த ஆறு மாசத்துல முடிச்ச வேலை ஒவ்வொண்ணையும் தேதியோட ஒரு மெயில்ல எழுதி, வேலை பாத்த மாசங்களை மட்டும் வச்சு ரேட்டிங் பாருங்கனு அவருக்கும் அவருக்கு மேல இருக்கறவருக்கும் அனுப்பினேன். ரேட்டிங்கை மாத்தல, ஆனா ஜூலையில சம்பளத்துல ஒரு கரெக்ஷன் வந்துச்சு, பாதி அளவுக்கு. அதுக்கு அடுத்த வருஷத்துல இருந்து அந்த கம்பெனியில மெட்டர்னிட்டி லீவ்ல இருந்தவங்களுக்கு வேலை பாத்த மாசத்தை மட்டும் வச்சு ரேட்டிங்னு பாலிசியிலயே ஒரு வரி சேர்த்தாங்க. அந்த ஒரு வரி எனக்கு கிடைச்ச காசை விட பெருசுன்னு இன்னிக்கும் நினைக்கறேன்.

இதுல இருந்து நான் எல்லா பொண்ணுங்களுக்கும் சொல்றது, லீவ்ல போறதுக்கு முன்னாடி வாரம் அந்த மெயிலை அனுப்பிடுங்க, திரும்பி வந்து சண்டை போடற வரைக்கும் காத்திருக்காதீங்க. என்ன கோல் குடுத்தாங்க, எது முடிஞ்சது, யார் கிட்ட ஹேண்டோவர் பண்ணீங்க, க்ளையன்ட் என்ன சொன்னாங்க. கடைசியில ஒரே வரி, "நான் வேலை பாத்த மாசங்களுக்கு இதை வச்சு ரேட்டிங் குடுக்கணும்னு கேட்டுக்கறேன்". ரேட்டிங் மீட்டிங்ல நீங்க இருக்க மாட்டீங்க, அந்த மெயில் இருக்கும். மேனேஜரா இருக்கற ஆம்பளைங்க, பொம்பளைங்க யாரா இருந்தாலும், அந்த மீட்டிங்ல "லீவ்ல இருந்தாங்க"னு யாராவது சொன்னா "இருந்த மாசத்துல என்ன பண்ணாங்க"ன்னு ஒரு தடவை கேளுங்க. நான் கேட்டிருக்கேன், ரூம் ஒரு நிமிஷம் அமைதியாகும், அப்புறம் யாராவது ஒருத்தர் லேப்டாப்பை திறந்து பாப்பாங்க.

மூணாவது, நேரம். இதுலதான் "பொண்ணுங்களே சாய்ஸ் பண்றாங்க"ங்கற வாதத்துக்கு கொஞ்சம் உண்மை இருக்கு, அதை நான் மறுக்கல. அமெரிக்க கிழக்குக் கரை க்ளையன்ட்டுக்கு குளிர்காலத்துல காலை பத்தரைனா நமக்கு ராத்திரி 9 மணி. அந்த நேரத்து போன் காலை எடுக்கறவர்தான் க்ளையன்ட்டுக்கு தெரிஞ்ச முகம், க்ளையன்ட் ஊருக்கே போய் வேலை பாக்கற ஆன்சைட் வாய்ப்பு வந்தா அவர்தான், ஆர்க்கிடெக்ட், டெலிவரி மேனேஜர் எல்லாம் அந்த வழியாத்தான். 2023ல பொருளாதார நோபல் வாங்கின கிளாடியா கோல்டின் பல வருஷ ஆராய்ச்சியில சொன்னது இதைத்தான், இப்போ ஒரே படிப்பு ஒரே தொழில்ல இருக்கற ஆண் பெண்ணுக்கு நடுவுல சம்பள வித்தியாசம் பெரும்பாலும் முதல் குழந்தை பொறந்ததுக்கு அப்புறம்தான் விரியுது, எப்போ கூப்பிட்டாலும் வர்ற ஆளுக்கு கணக்குக்கு மீறி ஜாஸ்தி குடுக்கற வேலைகள்ல அது ரொம்ப பெருசா இருக்கு. அமெரிக்காவை வச்சு சொன்னது, ஆனா சோழிங்கநல்லூர் சிக்னல்ல சாயங்காலம் ஆறரைக்கு நின்னு பாத்தா அப்படியே தெரியும், குழந்தைகள் காப்பகம் மூடறதுக்குள்ள போகணும்னு ஓடறது யாரு, ஆஃபீஸ்லயே இருந்து 9 மணி காலுக்கு டீ குடிச்சிட்டு இருக்கறது யாரு.

அது சாய்ஸ்னு சொல்றவங்களுக்கு மத்திய அரசோட நேரப் பயன்பாட்டு சர்வே இருக்கு. 2024ல எடுத்ததுல, வீட்டு வேலை செய்யற பொம்பளைங்க ஒரு நாளைக்கு சம்பளம் இல்லாத அந்த வேலைக்கு 289 நிமிஷம் செலவு பண்றாங்க, செய்யற ஆம்பளைங்க 88 நிமிஷம். கிட்டத்தட்ட 200 நிமிஷம் வித்தியாசம், மூணு மணி நேரத்துக்கு மேல. ராத்திரி கால் எடுக்கற அந்த ஆளுக்கு வீட்ல சாப்பாடு எடுத்து வச்சு, குழந்தைக்கு ஹோம்வொர்க் சொல்லிக்குடுத்து தூங்க வைக்கறது வேற ஒருத்தங்க, அவங்களும் ஒரு கம்பெனியில வேலை பாக்கறவங்களா இருப்பாங்க. ஒருத்தர் சம்பளம் ஏறினதுல இன்னொருத்தரோட நேரம் கலந்திருக்கு. இதை கம்பெனி மேல மட்டும் போட முடியாது, வீட்டு மேலயும் பாதி இருக்கு. ஆனா கம்பெனிக்கு இதுல கை இல்லனு சொல்றதும் தப்பு, ஏன்னா அந்த 9 மணி கால் உண்மையிலேயே 9 மணிக்கு வேணுமா, வாரம் ஒருத்தர் மாத்தி மாத்தி எடுத்தா என்ன, காலை 7 மணிக்கு வச்சா என்னன்னு கம்பெனிதான் முடிவு பண்ணுது. ஒரு டீம்ல லீட் ஒருத்தர் அந்த ராத்திரி போன் காலை ரொட்டேஷன் ஆக்கினார், க்ளையன்ட் ஒரு வார்த்தை சொல்லல. ஆறேழு மாசத்துல ரெண்டு பொண்ணுங்க பேரு க்ளையன்ட் மெயில்ல வர ஆரம்பிச்சுது, அடுத்த அப்ரைசல்ல அது எண்ணிக்கையில தெரிஞ்சுது.

சரி, ஏசி ரூம்ல இருக்கறவங்க கதையை மட்டும் சொன்னா பாதிதான். மேடவாக்கத்துல எங்க வீட்டுக்கு மாடி எடுத்தப்போ தினக்கூலி கணக்கை நான்தான் பாத்தேன். கொத்தனாருக்கு 1,100, பெரியாளுக்கு 900, சித்தாளுக்கு 700. பெரியாள்னா ஆம்பளை ஹெல்பர், சித்தாள் பொம்பளை. பெரியாள் எம்சாண்ட் மூட்டை தூக்கறார், கலவை போடறார். சித்தாள் அக்கா சும்மாடு கட்டி செங்கல் தூக்கிட்டு சாரத்து மேல ஏறறாங்க, கலவை சட்டி கைமாத்தறாங்க, மணல் சலிக்கறாங்க, சாயங்காலம் எல்லாரும் கை கழுவினதுக்கு அப்புறம் சுவத்துக்கு தண்ணி அடிக்கறதும் அவங்கதான். எதுக்கு 200 ரூபாய் கம்மினு மேஸ்திரியை கேட்டேன். "அது அப்படித்தாம்மா, எல்லா இடத்துலயும் இதுதான் ரேட்டு". சாரத்துல ஏறி இறங்கறது லேசான வேலையானு கேட்டா சிரிக்கறார்.

அந்த அக்கா பூச்சு வேலை நடக்கறப்போ கீழ இருந்தே பாத்துட்டு "தம்பி, அந்த மூலை வெளிய தள்ளுது, மட்டப்பலகை வச்சு பாரு"ன்னு சொன்னாங்க, வச்சு பாத்தா சரியா தள்ளிட்டுதான் இருந்துச்சு. கலவை பதம் அவங்களுக்கு கண்ணுலயே தெரியும். ஏங்க்கா நீங்க கரண்டி புடிக்கலனு கேட்டேன். "யாரு குடுப்பா? இந்த தம்பி என் கூட கையாளா வந்தவன்தான், அவன் கையில மேஸ்திரி கரண்டிய குடுத்தாரு, கொத்தனாரு ஆயிட்டான். எங்க கையில குடுக்க மாட்டாங்க கண்ணு". இருபது வருஷத்துக்கு மேல இந்த வேலையில இருக்காங்க, சேர்ந்தப்போ சித்தாள், இன்னிக்கும் சித்தாள். இங்க கொத்தனார் வேலைக்கும் சித்தாள் வேலைக்கும் ஒரே சம்பளம் குடுக்கணும்னு நான் சொல்லல, அது வேற திறமை, வேற வேலை. ஆனா பெரியாளும் சித்தாளும் ஒண்ணுதான், அங்க 200 ரூபாய் வித்தியாசம் நேரடியான பாகுபாடு. கொத்தனார் ஆக விடாதது இன்னொரு பாகுபாடு, அது எந்த கூலி கணக்குலயும் வராது, புள்ளிவிவரம் எடுத்தா "வேற வேலை பாக்கறாங்க அதனால சம்பளம் கம்மி"னு ஒதுக்கிடுவாங்க. எங்க வீட்டு கணக்குல அந்த வாரத்துல இருந்து சித்தாளுக்கும் 900 போட்டேன், மேஸ்திரிக்கு பிடிக்கல, பக்கத்து சைட்ல கேப்பாங்கம்மானு சொன்னார். கேக்கட்டும்.

வேலைக்கு வேற பேர் வச்சா சம்பளத்தை குறைச்சுக்கலாமாங்கற கேள்வி சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயிருக்கு. மெக்கின்னன் மெக்கன்சினு ஒரு கப்பல் கம்பெனி, ஆட்ரி டி'கோஸ்டா அங்க ஸ்டெனோகிராபர். பொண்ணுங்களை "கான்ஃபிடென்ஷியல் லேடி ஸ்டெனோ"னு தனி பிரிவுல வச்சு ஆம்பளை ஸ்டெனோக்களை விட கம்மியா குடுத்தாங்க. கம்பெனி சொன்ன காரணம், அந்த பிரிவுல ஆம்பளைங்களே இல்ல, அப்புறம் பாகுபாடு எப்படி வரும், அதோட யூனியன் கூட ஒப்பந்தம் போட்டுத்தான் சம்பளம் வச்சோம். 1987ல கோர்ட் ரெண்டையும் ஏத்துக்கல. செய்யற வேலையோட தன்மையைத்தான் பாக்கணும், கம்பெனிக்கு கட்டுப்படி ஆகலங்கறதும் காரணம் ஆகாதுனு சொல்லிட்டாங்க. அரசியலமைப்புல 39வது பிரிவுலயே ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்கு சம ஊதியம்னு இருக்கு, 1976ல அதுக்கு தனி சட்டம் வந்துச்சு, இப்போ அது 2019 ஊதியச் சட்டத் தொகுப்புக்குள்ள போயிடுச்சு. இந்த தொகுப்புல ஒரே மாதிரி வேலைனா திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு எல்லாம் ஒத்துப்போகணும்னு இருக்கு. பழைய சட்டத்துல "அனுபவம்" இல்ல. குழந்தைக்காக ரெண்டு வருஷம் வீட்ல இருந்தவங்களுக்கு இந்த இடத்துலதான் கம்பெனி பக்கம் வாதம் வரும்னு எனக்கு பயம் இருக்கு, அதனால உங்க வேலை அனுபவத்தை காட்டற பேப்பர் ஒண்ணையும் தொலைக்காதீங்க.

சட்டம் இருந்தும் கேஸ் கம்மியா வர்றதுக்கு பெரிய காரணம், பக்கத்துல இருக்கறவர் என்ன வாங்கறார்னே தெரியாது. அமெரிக்காவுல லில்லி லெட்பெட்டர்னு ஒரு அம்மா, அலபாமாவுல டயர் பேக்டரியில சூப்பர்வைசரா பல வருஷம் இருந்தாங்க, ரிட்டயர் ஆகற நேரத்துலதான் யாரோ பேர் போடாம ஒரு துண்டு சீட்டுல ஆம்பளை சூப்பர்வைசருங்க சம்பளத்தை எழுதி வச்சுட்டு போனாங்க. கேஸ் போட்டாங்க, 2007ல அங்க சுப்ரீம் கோர்ட் லேட்டா வந்துட்டீங்கனு தள்ளிடுச்சு, 2009ல அவங்க பேர்லயே சட்டத்தை மாத்தினாங்க. நம்ம ஊர்ல சம்பளத்தை கேக்கறது மரியாதை இல்லனு வளர்த்திருக்காங்க, கல்யாணத்துக்கு பொண்ணு பாக்க வந்தா மட்டும் பேஸ்லிப் வரைக்கும் கேப்பாங்க. நம்பிக்கையான ஒருத்தர் ரெண்டு பேர் கிட்ட கேளுங்க, முக்கியமா ஆம்பளை கலீக்ஸ் கிட்ட, பொண்ணுங்க பொண்ணுங்க கிட்டயே கேட்டா வித்தியாசம் தெரியவே தெரியாது. அப்பாயின்ட்மென்ட் லெட்டர்ல சம்பளம் ரகசியம்னு ஒரு வரி இருக்கும்ங்கறதால சரியான நம்பர் வேணாம், "இந்த பேண்ட்ல 12 லட்சத்துக்கு மேலயா கீழயா"னு கேட்டா போதும், பேண்ட்னா ஒரே நிலையில இருக்கறவங்களுக்கு கம்பெனி வச்சிருக்கற சம்பள வரம்பு. ஆம்பளை நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள், உங்க டீம்ல ஒரு பொண்ணு கேட்டா சொல்லுங்க, உங்க சம்பளத்துல இருந்து ஒரு ரூபாய் குறையாது, சம்பளத்தை சமமாக்கறதுக்காக யாரோட சம்பளத்தையும் குறைக்கக் கூடாதுனு சட்டத்துலயே இருக்கு.

எச்ஆர் கிட்ட போறப்போ எப்படி போகணும்னு சொல்லிடறேன், ஏன்னா நிறைய பேர் அழுதுட்டோ கோவத்துலயோ வராங்க, அது நியாயமான கோவம்தான், ஆனா ஃபைல்ல எதுவும் ஏறாது. எங்க சம்பள ஷீட்ல கம்பா ரேஷியோனு ஒரு கட்டம் இருக்கு, உங்க சம்பளத்தை உங்க பேண்டோட நடு சம்பளத்தால வகுத்தா வர்றது. நடு சம்பளம் 12 லட்சம், நீங்க வாங்கறது 10.2னா 0.85. பக்கத்துல ஒருத்தர் 12.6 வாங்கினா 1.05. வருஷத்துக்கு ஒரு தடவை நான் இந்த ஷீட்டை பேண்ட் வாரியா பிரிச்சு ஆண் பெண்ணுனு ஃபில்டர் போட்டு பாப்பேன், ஒரே ரேட்டிங், ஒரே எக்ஸ்பீரியன்ஸ் இருக்கறவங்கள்ல யாரு 0.9க்கு கீழனு. ஒரு கம்பெனியில முதல் தடவை பாத்தப்போ கீழ இருந்த லிஸ்ட்ல பெரும்பாலும் பொண்ணுங்க பேரு, அதுல நிறைய பேர் கேப் எடுத்துட்டு வந்தவங்க இல்ல லீவ் வருஷத்துல 3 வாங்கினவங்க. அதை மேல காட்டினதும் ஒரு சின்ன கரெக்ஷன் பட்ஜெட் ஒதுக்கினாங்க. அதனால நீங்க கேக்க வேண்டிய கேள்வி "அவருக்கு ஏன் ஜாஸ்தி" இல்ல, "என் பேண்டோட ரேஞ்ச் என்ன, என் கம்பா ரேஷியோ என்ன, ஒரே ரேட்டிங்ல இருக்கறவங்களோட பாத்தா நான் எங்க இருக்கேன்". இப்படி மெயில்ல கேட்டா எங்களால பதில் சொல்லாம இருக்க கஷ்டம். இன்னொண்ணு, சம்பள பிரச்சினைக்கு நிறைய பேர் ஐசிங்கற உள்ளகப் புகார் கமிட்டிக்கு போறாங்க, அந்த கமிட்டி 2013 சட்டப்படி பாலியல் தொல்லை புகாருக்கு மட்டும்தான், சம்பளத்துக்கு எச்ஆர், அதுக்கு மேல தொழிலாளர் துறை.

"பொண்ணுங்களுக்கு சராசரி சம்பளம் கம்மி"ங்கற நம்பரை மட்டும் வச்சு யாரையும் குத்தம் சொல்ல முடியாதுங்கறதையும் ஒத்துக்கறேன். பிரிட்டன்ல 2017ல இருந்து 250 பேர், அதுக்கு மேல இருக்கற கம்பெனிங்க வருஷா வருஷம் அந்த சராசரியை வெளியிடணும். அது ஒரே வேலைக்கு வேற சம்பளம்னு அர்த்தம் இல்ல, மேல் பதவியில யாரு கீழ் பதவியில யாருங்கறதும் அதுக்குள்ளதான் வரும். நம்ம கிரிக்கெட்டையே பாருங்க, 2022 அக்டோபர்ல பிசிசிஐ ஆண் பெண் ரெண்டு பேருக்கும் மேட்ச் ஃபீஸை ஒண்ணாக்கினாங்க, டெஸ்டுக்கு 15 லட்சம், ஒன்டேக்கு 6, டி20க்கு 3. நல்ல விஷயம். ஆனா பொண்ணுங்களுக்கு வருஷத்துல எத்தனை டெஸ்ட் வைக்கறாங்க? விரல் விட்டு எண்ணிடலாம். ரேட் சமம், வாய்ப்பு சமம் இல்ல, வருஷக் கடைசியில கையில வர்றதும் சமமா இருக்காது. ஆஃபீஸ்லயும் அப்படித்தான், ரேட்டை மட்டும் பாத்துட்டு எல்லாம் சரியா இருக்குனு கோப்பை மூடிடாதீங்க, யாருக்கு எந்த ப்ராஜெக்ட் குடுத்தாங்கனும் பாக்கணும்.

பாதி கம்பெனிங்கள்ல ஏப்ரல்லதான் சம்பள ரிவிஷன் லெட்டர் வரும். வந்ததும் சிடிசி நம்பரை மட்டும் பாத்துட்டு மூடி வைக்காதீங்க. ஃபிக்ஸட் எவ்ளோ, வேரியபிள் எவ்ளோ, பேசிக் எவ்ளோ, கம்பெனி பங்கு பிஎஃப்பும் கிராஜுவிட்டியும் இன்சூரன்ஸும் சேர்த்து நம்பரை பெருசா காட்டியிருக்காங்களானு பிரிச்சு எழுதுங்க, போன வருஷ லெட்டரை பக்கத்துல வைங்க. கேள்வி இருந்தா லெட்டர்ல கையெழுத்து போடற முன்னாடி மெயில் போடுங்க, ஏற்கனவே அக்செப்ட் குடுத்துட்டீங்கனாலும் பரவாயில்ல, அரையாண்டு கரெக்ஷனுக்கு பட்ஜெட் போடறது பெரும்பாலும் ஆகஸ்ட் செப்டம்பர்ல, ஜூன்லயே உங்க மெயில் வந்திருந்தா அந்த லிஸ்ட் போடறப்போ என் மாதிரி ஒருத்தர் உங்க பேரை அதுல சேர்க்க முடியும்.